அறுபது பசுக்களும் கடல் பார்த்த அறையும்

2019 மே 14, செவ்வாய்க்கிழமை காலை, அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில் பனஹர் அருகே, கூலிக்குப் பால் கறக்கும் டோனல் கெர்ரிகன் சேற்றில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதல் மாலகி கார்கரனின் அறுபது பசுக்களையும் அவர்தான் கறப்பதாக இருந்தது. மாலகியும் மனைவி டிம்ஃப்னாவும் கிளேர் கடற்கரைக்கு மூன்று இரவுகள் போவதாகத் திட்டம். டிம்ஃப்னா ஜனவரியிலிருந்தே சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். பாறை முனையில் ஓர் ஓட்டல். படுத்தபடியே கடலைப் பார்க்கலாம்; அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இரவுச் சாப்பாட்டுக்குச் சிப்பியும் சிங்கி இறாலும். மறுநாள் படகில் மலை உயரப் பாறைச் சுவர்களின் அடிவாரம் வரை போய் வரலாம். சாயங்காலம் சுடுநீர்த் தொட்டியில் கடற்பாசியோடு ஊறலாம்.

"பாசியில ஊறறதுக்கா அவ்வளவு தூரம் போகணும்? எங்க தாத்தா அத உருளைக்கிழங்குக்கு உரமால்ல போடுவாரு" என்றார் மாலகி.

"உனக்கும் கொஞ்சம் உரம் தேவைதான்" என்றார் டிம்ஃப்னா.

அவர்கள் தேனிலவுக்குப் போனதும் அதே கடற்கரைக்குத்தான். கன்று ஈன இருந்த ஒரு பசுவுக்காக இரண்டாம் நாளே திரும்பிவிட்டார்கள். அதன்பின் மாலகி பண்ணையை விட்டு ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. கறக்க ஆள் இல்லாவிட்டால் இந்தத் தடவையும் தங்கப் போவதில்லை. புல் அறுக்கும் பருவம் என்பதால் அக்கம்பக்கத்தில் எவருக்கும் ஒழிவில்லை.

அன்று மதியமே யோஸ்ட் வந்தார். ஹாலந்திலிருந்து வந்து, போன இலையுதிர் காலத்தில் பக்கத்துப் பண்ணையை வாங்கியவர். கொட்டில் வாசலிலேயே நின்று கேட்டார்.

"டோனலுக்குக் கை ஒடஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து நான் வந்து கறக்கட்டுமா?"

"அட, வேண்டாம்ப்பா. உனக்கே வேலை தலைக்கு மேல கிடக்கு."

"சரி" என்று தலையாட்டிவிட்டு யோஸ்ட் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது, கேட்டவர் மனதாரக் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் ஒரு கோப்பை தேநீரைக்கூட வாங்கிக்கொள்வார்கள். தள்ளாத வயதுக்காரரும் காரில் ஏறச் சொன்னால் முதலில் மறுத்து நாலு எட்டு நடப்பார். கார் பின்னாலேயே ஊர்ந்து வரும். யோஸ்டின் டிராக்டர் வளைவைத் தாண்டி மறையும் வரை மாலகி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் திரும்பக் கேக்கவே இல்ல" என்றார் சமையலறைக்கு வந்து.

"எப்படிக் கேப்பான்? நீதான் வேண்டாம்னுட்டியே."

"அது சும்மா சொன்னது."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், நாய்க்கும் தெரியும். அவனுக்குத் தெரியுமா? போய்க் கேளு."

"நேராவா?"

"வேற எப்படி, பாதிரியார் பிரசங்கத்துல சொல்லணுமா?"

புதன்கிழமை காலை மாலகி போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து தொப்பியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மழையப் பத்திப் பேசினோம். அப்புறம் புல்லப் பத்தி."

"அப்புறம்?"

"சனிக்கிழமை அவனுக்கு டிரெய்லர் வேணுமாம். எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

டிம்ஃப்னா கரண்டியை வைத்துவிட்டு, அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை மதியத்துக்குள்ள ஓட்டலுக்குச் சொல்லியாகணும், மாலகி. நீ வரலன்னா அட்ராக்டாவக் கூட்டிட்டுப் போறேன். எங்க அக்கா ராத்திரி பூரா பேசுவா, பரவால்ல. ஆனா எனக்கு அவகூட அந்தக் கண்ணாடிச் சுவர் முன்னால உக்காரணும்னு இல்ல."

மாலகி மேசையில் கிடந்த வரைபடத்தின் மடிப்பை நீவிவிட்டார்.

"ஓட்டல் படத்த நான் தெனமும் பாத்துட்டுதான் இருக்கேன். நீ தூங்கினதுக்கப்புறம்" என்றார். "எனக்குப் போகணும், டிம்ஃப்னா."

முப்பது வருடத்தில் தனக்கு இன்னது வேண்டும் என்று அவர் சொல்லி டிம்ஃப்னா கேட்டதில்லை. மேசைக்குக் குறுக்காகக் கையை நீட்டி அவர் காதைப் பிடித்து லேசாக இழுத்தார்.

"இதையே அவன்கிட்ட சொல்லு. இதே மாதிரி. மழ, புல்லு எதுவும் சேக்காத. நான் வண்டியில இருக்கேன்."

யோஸ்ட் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். மாலகி முற்றத்தின் நடுவில் நின்றார். காரின் கண்ணாடி இறக்கியிருந்தது.

"நல்ல வெயில்…" என்று ஆரம்பித்தார் மாலகி.

காரில் ஹாரன் ஒலித்தது.

"எனக்குப் போகணும், யோஸ்ட். அவளோட. மாடு கறக்க ஆள் வேணும். நீ கறப்பியா?"

யோஸ்ட் தண்ணீரை நிறுத்தினார். "நேத்தே கேட்டேனே. நீங்கதான் வேண்டாம்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

மாலகி யோசித்தார். "தெரியல. எங்கப்பாவும் அப்படித்தான் சொல்வாரு."

"சரி, கறக்கறேன். எந்த மாடு உதைக்கும்னு மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணும் உதைக்காது" என்று சொல்லி, காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு உதைக்கும். நாளைக்கு வா, காட்டறேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை டிம்ஃப்னா ஓட்டலுக்குத் தொலைபேசியில் உறுதி சொன்னார். வெள்ளிக்கிழமை காலைக் கறவையை முடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். சனிக்கிழமை மழை பெய்ததால் படகு போகவில்லை. மூன்று இரவுகளும் தங்கிவிட்டுத் திங்கட்கிழமை மாலைக் கறவைக்குத் திரும்பினார்கள்.