போதும் என்றால் பத்து

அப்பா லேமினேஷன் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸும் உண்டு, ஸ்பைரல் பைண்டிங்கும் உண்டு. ஆனால் மனசு லேமினேஷனில்தான் இருந்தது. ஒரு காகிதம் சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மறுபக்கம் பளபளவென்று விறைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அதில் எழுதியிருப்பது உண்மை என்று அவர் நம்பினார். வீட்டில் கேஸ் அடுப்புக்கு மேலே ஓர் அட்டை. குளியலறைக் கதவில் ஓர் அட்டை. செருப்பு வைக்கும் இடத்தில் 'செருப்பு வைக்கும் இடம்' என்று ஓர் அட்டை. கல்யாணமான புதிதில் அம்மா ஒருநாள், "என்னையும் ஒரு தடவை உள்ளே விட்டு எடுத்துடுங்க, சுருக்கம் விழாம இருப்பேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஏ-த்ரீ அளவுக்கு மேல் மெஷினில் போகாது என்றார்.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பாப்பா. மெத்தைக் கடை மாடியில் புயல்.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் கோச். மெத்தைக் கடைக்கு மேலே, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்த நீளமான அறையில் ஆறு டேபிள் டென்னிஸ் மேசைகளைப் போட்டு, வாசலில் 'சர்வதேச உயர்திறன் மையம்' என்று பலகை மாட்டியிருந்தார். சர்வதேசத்துக்கு ஆதாரமாகச் சுவரில் பன்னிரண்டு நாட்டுக் கொடிகள். அவற்றில் இரண்டு தலைகீழ். அவருடைய விசிட்டிங் கார்டில் ஐந்து பட்டங்கள் இருந்தன. அடித்துக் கொடுத்தது அப்பாதான். ஆறாவதற்கு இடமில்லாமல் போனதில் இரண்டு பேருக்குமே வருத்தம்.

கோச்சிடம் ஒரு விதி இருந்தது. போதும் என்றால் பத்து. மூச்சு வாங்கி, கை துவண்டு, எதிரே வரும் பந்து இரண்டாகத் தெரியும்போது ஒரு குழந்தை "போதும் சார்" என்றால் இன்னும் பத்துப் பந்து. மறுபடியும் சொன்னால் மறுபடியும் பத்து. முதல் வாரம் அந்த அறையில் அந்தச் சொல் நிறையக் கேட்டது. இரண்டாவது வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து பந்து மட்டும்தான் பேசியது. டொக், டொக், டொக்.

"பாத்தீங்களா சார், இதுதான் மனவலிமை" என்றார் கோச்.

அப்பாவுக்குப் புல்லரித்தது. அன்றைக்கே சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிர்ச் சுவரில் புது அட்டை ஏறியது: 'இவ்வீட்டில் "போதும்" என்ற சொல் புழக்கத்தில் இல்லை. இங்ஙனம், நிர்வாகம்.' நிர்வாகம் என்றால் அவர்தான்.

"அப்போ நான் சோறு போடும்போது எப்படி நிறுத்தச் சொல்வீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"சரின்னு சொல்வேன்."

"நான் ஏதாவது சொன்னா மட்டும் அந்த 'சரி' வராது."

கடையிலும் அவர் விதியைக் கடைப்பிடித்தார். நாலு காப்பி போதுமா என்று கேட்டுப் பழகிய நாக்கு, "நாலோட முடிச்சுக்கலாமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டது. வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். உயர்திறனை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அவர் பொறுத்துக்கொண்டார்.

அட்டைக்குக் கீழே இருந்த சுவர் பாப்பாவுக்கு. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் அந்தச் சுவரில் இருநூறு பந்து அடிக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் இருநூறு.

அம்மாவுக்கு வேலை பல் டாக்டர் கிளினிக்கில். டாக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, அப்புறம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவரின் காதில் ஒரு வாக்கியம் சொல்வது: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுவாங்க." டாக்டர் அப்படியொன்றும் உடனே நிறுத்திவிட மாட்டார். ஆனாலும் தூக்குவதற்கு ஒரு கை இருக்கிறது என்பதே மரத்துப்போக வைக்கும் ஊசியில் பாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அம்மா பாப்பாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கிளினிக்கிலிருந்து வந்த போனில், நாளைக்கு யாருக்குக் கடைவாய்ப் பல் என்று பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துத் திரும்பினால் டம்ளர் நிறைந்து, வழிந்து, தட்டில் இருந்த சோறு மிதந்து, பாவாடை நனைந்து, தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து, வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லக் கூடாது?"

பாப்பா சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

அம்மா மிதந்த சோற்றை எடுத்துக் கொட்டினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இரண்டு மாதமாகப் போட்டதையெல்லாம் சாப்பிடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தாளே. சாப்பிட்டுவிட்டுப் பாப்பா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

அந்த வாரத்தில்தான் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்துல தூங்கிப் பழகினவன் நான்."

"ஓட்டும்போதா சார்?" என்றார் அப்பா.

"கிண்டல் இருக்கட்டும். காலையில பாப்பா சுவத்துல அடிக்குது, சரி, குழந்தை. பதினோரு மணிக்கு யார் அடிக்கிறா?"

"பதினோரு மணிக்கு வீட்ல யாருமே இருக்க மாட்டோமே."

"அதைத்தான் நானும் கேக்கறேன். சத்தம் எனக்குப் பிரச்சினை இல்ல. ஆளில்லாம வர்ற சத்தம்தான் பிரச்சினை."

"தண்ணிக் குழாயா இருக்கும் சார்."

"குழாய் இருநூறு வரைக்கும் எண்ணி நிறுத்துமா?" என்று கேட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார். வயசானால் காது தானாகவே கதை கட்டும் என்று அப்பா தீர்ப்பு வழங்கினார்.

புதன்கிழமை மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு, அதை எடுக்க அப்பா கடையிலிருந்து வீட்டுக்கு வரவேண்டியதாயிற்று. மணி பதினொன்றேகால். பூட்டைத் திறந்தார். மேசை, நாற்காலிகள், கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். பாப்பாவின் பேட் உறைக்குள் இருந்தது. பந்துகள் டப்பாவுக்குள் இருந்தன.

டொக், டொக், டொக்.

சுவரில் காதை வைத்தார். உள்ளேயிருந்து வந்தது. அந்தச் சுவருக்கு அந்தப்புறம் வீடு கிடையாது. மூன்றாவது மாடியின் வெளிச்சுவர். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்தார். வெயிலும் காற்றும்தான். தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தார். நூற்று நாற்பதில் ஒரு தடுமாற்றம், கை மாற்றிப் பிடிப்பதுபோல. இருநூறில் நின்றது. பந்தைக் குனிந்து எடுக்க ஒரு குழந்தைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அமைதி. மறுபடியும் தொடங்கியது.

கண்ணாடியை எடுக்காமலே கடைக்குத் திரும்பினார். அன்று சாயங்காலம் யாரோ ஒருவருடைய இறப்புச் சான்றிதழைச் சுருக்கத்தோடு லேமினேட் செய்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. நிர்வாகத்துக்குக் கௌரவம் என்று ஒன்று உண்டு.

வெள்ளிக்கிழமை கோச் ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்பினார். இருவேளைப் பிரிவு. விடிகாலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம், ஞாயிறும் உண்டு. 'புயலை நாம் அடைத்து வைக்கலாகாது' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

அம்மா படித்துவிட்டு மடித்து வைத்தாள். "எங்க டாக்டர் சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு எத்தனை வயசோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரம்தான் விளையாட்டுப் பயிற்சி இருக்கணுமாம். பாப்பா இப்பவே பதினாறு மணி நேரம் போறா."

"பாத்தியா? வயசுக்கு மீறின திறமை."

"இதுல கையெழுத்துப் போட்டா முப்பத்தஞ்சு ஆகும். எனக்கே முப்பத்தி நாலுதாங்க ஆகுது."

"பல் டாக்டருக்கு டேபிள் டென்னிஸ் பத்தி என்ன தெரியும்?"

"மெத்தைக் கடை மாடிக்குக் குழந்தையைப் பத்தி என்ன தெரியுமோ அதுதான். ஏங்க, அவ வலது கையால சட்டை பட்டன் போட மாட்டேங்கறா, பாத்தீங்களா? கேட்டா வலிக்கலைங்கறா. வலிக்கறவங்க மூஞ்சியை நான் தினமும் பத்து மணியிலேருந்து பாக்கறேன். எனக்குத் தெரியாதா?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். நியாயமான மனிதர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. "சரி. நான் ஒண்ணும் அரக்கன் இல்ல. முடிவை அவகிட்டயே விட்டுடுவோம். என்னிக்கு அவ வாயால போதும்னு..." சொல்லிவிட்ட சொல்லை அவரே திடுக்கிட்டுப் பாதியில் விழுங்கினார். "அந்தச் சொல்லை அவ சொல்லட்டும். அந்த நிமிஷமே நிறுத்திடறேன். இது போதாதா?"

'போதாதா'வுக்கு அட்டையில் தடை இல்லை.

அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். கதவைப் பூட்டிச் சாவியை விழுங்கிவிட்டு, வேண்டுமானால் வெளியே போய்க்கொள் என்கிறவரிடம் என்ன பேசுவது?

அன்று பாப்பாவுக்குத் தலை வாரும்போது அவள் சொன்னாள்: "இங்க பாரு கண்ணு. வாயால சொல்ல முடியலைன்னா இடது கையைத் தூக்கு. எங்க கிளினிக்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. பெரிய பெரிய மீசை மாமாவெல்லாம் தூக்குவாங்க."

"தூக்கினா எவ்வளவும்மா?"

"என்ன எவ்வளவு?"

"தூக்கினா எத்தனை கூட அடிக்கணும்?"

சீப்பு நடுவிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படிவம் சட்டைப்பையில் இருந்தது. ஊஞ்சல்கள் மூன்று. இரண்டில் வேறு குழந்தைகள். அவர் பாப்பாவை மூன்றாவதில் உட்காரவைத்துத் தள்ளினார். கொஞ்சம் உயரம் போனதும் பக்கத்து ஊஞ்சல் பிள்ளை, "போதும்பா, போதும், போதும்!" என்று கீச்சிட்டது, அதன் அப்பா சிரித்துக்கொண்டே பிடித்து நிறுத்தினார். அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாக, மூன்று தடவை, சிரித்துக்கொண்டே செலவழிக்க முடியும் என்பதை அப்பா மறந்தே போயிருந்தார்.

தள்ளினார். இவளும் சொல்லுவாள். எந்தக் குழந்தைதான் சொல்லாது? இன்னும் பலமாகத் தள்ளினார். சங்கிலி மேலே போய் ஒரு கணம் தொய்ந்து, சடக்கென்று விறைத்தது. இன்னும் பலமாகத் தள்ளினார். அந்த இரண்டு குழந்தைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவருக்குத் தோள்பட்டை எரிந்தது. வாய்க்குள் ஒரு சொல் வந்து பல்லில் முட்டியது, விழுங்கினார். இப்போது யார் சொல்லுவது என்பது ஒரு பந்தயம்போல ஆகிவிட்டிருந்தது. அவருக்கு நாற்பத்தொரு வயது, எதிராளிக்கு ஏழு.

வியர்வையைத் துடைக்க அவர் முன்பக்கமாக வந்தபோதுதான் மகளுடைய முகம் தெரிந்தது. வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருந்தது. கண் இமைக்கவில்லை. இடது கை சங்கிலியை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கையைச் சங்கிலியோடு முழங்கையை வளைத்து மாட்டியிருந்தாள், மணிக்கட்டில் எதுவும் படாதபடி. உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஊஞ்சல் அவரிடம் வந்தது, போனது, வந்தது.

"அப்பா" என்றாள் பாப்பா, கடந்துபோகும்போது. "இன்னும் எத்தனை பாக்கி?"

அவர் பாய்ந்து சங்கிலியைப் பிடித்தார். இரண்டடி இழுத்துக்கொண்டு போய்த்தான் ஊஞ்சல் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்தார். கிழிக்கப் பார்த்தார். நல்ல வேலைக்காரர், கிழியவில்லை. வளைத்தார், முறுக்கினார், பல்லால் கடித்துப் பார்த்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். நான்காக வெட்டி, படிவத்தோடு சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். சுவரில் அட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, கட்டம் கட்டினாற்போலத் தெரிந்தது. எழுத்து இல்லாமலும் அதைப் படிக்க முடிந்தது.

"நாளைக்குக் கையை டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றார். "பல் டாக்டர்கிட்ட இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார், பழக்கதோஷம்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா பாப்பாவின் தட்டில் ஒரு கரண்டி சோறு போட்டாள். இரண்டாவது கரண்டியைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பாவும் காத்திருந்தார். பாப்பா வெளுத்த கட்டத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இடது கையைத் தூக்கினாள்.

அம்மா உடனே கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

கை இறங்கவில்லை.

"எடுத்துட்டேன் கண்ணு."

கை அப்படியே இருந்தது. அப்பா எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினார். போன் அடித்தது, கோச். அதையும் அணைத்தார். வீட்டில் நிறுத்துவதற்கு வேறெதுவும் இல்லை. கை இறங்கவில்லை.

அந்த நிசப்தத்தில்தான் மூவருக்கும் அது கேட்டது. டொக், டொக், டொக்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு ஆச்சரியம் இல்லை என்பதைப் பார்த்தாள். அவர் சுவரருகே போனார். வெளுத்த கட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு அடியும் உள்ளே இருந்து அவர் கையில் வந்து பட்டது, சின்னதாக, சளைக்காமல்.

"போதும்" என்றார்.

சத்தம் நின்றது. பந்தைக் குனிந்து எடுக்கும் நேரம் கழிந்தது.

பிறகு டொக். அப்பா கையை எடுக்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு. விதியை மாட்டி வைத்தவருக்கு விதி தெரியாதா? ஏழு. எட்டு. பாப்பாவின் உதடும் அம்மாவின் உதடும் சேர்ந்தே அசைந்தன. ஒன்பது.

பத்து.

பாப்பாவின் கை கொஞ்சம் தாழ்ந்து, மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பதினொன்றாவது வருமா என்று மூவரும் காத்திருந்தார்கள்.