பயண நேரம்

கைதானவரை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அந்த நாட்டின் அரசியல் சாசனத்தில் அவ்வளவுதான் இருந்தது. ‘பயண நேரம் கணக்கில் சேராது’ என்று அதற்கு ஒட்டுப் போட்டவர் பெரிய நீதிபதிதான். பதினெட்டு வருஷத்துக்கு முன், கைதியோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு போலீஸ்காரரின் வேலையைக் காப்பாற்ற, ஒரு தீர்ப்பில் போகிறபோக்கில் எழுதிய வரி.

அதைப் பிடித்துக்கொண்டு இப்போது ஒரு வாத்தியாரை ஒன்பது நாளாக வேனில் வைத்து ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். கேட்டால், பயணமாம்! மனைவி எங்கே போய் விசாரித்தாலும் “வந்துக்கிட்டே இருக்காரு” என்ற ஒரே பதில். அவருடைய இருதய மாத்திரைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் நீதிமன்றத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளறையில் மூன்று நீதிபதிகளும் கூடினார்கள். இளையவர் முதலில் பேசுவது அங்கே வழக்கம். பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பேசிவிடக் கூடாதாம்.

“சாசனம் மனுஷனைக் காப்பாத்தத்தான் சார் இருக்கு. நம்ம தீர்ப்பு ஆளைத் தொலைக்க வழி பண்ணிடுச்சு,” என்றாள் இளைய நீதிபதி.

இரண்டாவது நீதிபதி மறுத்துத் தலையை ஆட்டினார். “அதை நம்பி நூறு வழக்கு முடிஞ்சிருக்கும்மா. காலத்துக்கு ஒரு அர்த்தம் சொன்னா நம்மள யாரு நம்புவாங்க? மாத்தணும்னா பார்லிமென்ட் மாத்தட்டும்.”

இருவரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்தார். பூசி மெழுக வழியில்லாமல் இல்லை. ‘இந்த வழக்கு வேறு மாதிரி’ என்று எழுதினால் பழைய வரியும் தப்பிக்கும், பேரும் தப்பிக்கும். பேனா அந்தப் பக்கம்தான் போனது. மாத்திரைப் பொட்டலம் நினைவுக்கு வரவும் கை நின்றது.

“நான் எழுதினது தப்பும்மா,” என்றார். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

அதையே திறந்த நீதிமன்றத்தில் வாசித்தார். பயண நேரமும் நேரம்தான். வாத்தியாரை உடனே இங்கே நிறுத்த வேண்டும். வாத்தியாரின் மனைவி சட்டென்று எழுந்து நின்றாள். பெரியவருக்கும் நெஞ்சு லேசானது.

அரசு வக்கீல் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்து, பவ்யமாகக் குனிந்தார்.

“உத்தரவுங்கய்யா. ஆளு வழியிலதான் இருக்காரு.”

“இன்னும் எவ்வளவு தூரம்ங்க?” என்றாள் அவள். வக்கீலைப் பார்த்துக் கேட்கவில்லை. பெரிய நீதிபதியைப் பார்த்துத்தான் கேட்டாள்.