இரண்டு மேசைக்கும் நடுவில்

அந்தச் சனிக்கிழமை விடியவே எழும்பி றோசலின் ஆட்டிறைச்சி வாங்கப் போனாள். கோழியில்லை, ஆடு! தையல் தொழிற்சாலையில் அவள் எடுக்கிற சம்பளத்துக்கு அது கொழுப்புத்தான். ஆனால் மகன் விடுதியிலிருந்து ஆறு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறான். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அதற்குள் ஊட்டக்கூடியதையெல்லாம் ஊட்டிவிடுவதென்று முடிவு கட்டியிருந்தாள்.

விடுதி என்று பெயர் வைத்தது அவள்தான். அகதியாக வந்து குடியிருக்கிற செயின்ட்-மிஷேலில் தெரிந்த சனம் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். உள்ளபடி சொன்னால் அது பிழை விட்ட பொடியன்களை அடைத்துவைத்துத் திருத்துகிற பள்ளிக்கூடம். மகனுக்குப் பதிவில் பேரின்பநாதன், வீட்டில் இன்பன். வயது பதினாலு. வேறு மூன்று பொடியன்களோடு சேர்ந்து ஒரு கடைக் கண்ணாடியை உடைத்து மாட்டிக்கொண்டான். நீதிபதி ஆறு மாதம் என்றார். வேறு தாய் என்றால் குழறி அழுதிருப்பாள். றோசலினோ, அது கத்தோலிக்கத் துறவிகளான பிரதர்மார் நடத்துகிற பள்ளிக்கூடம் என்று கேட்டதும் குளிர்ந்துபோனாள். மட்டக்களப்பில் பிரதர்மாரின் பள்ளிக்கூடத்தில் அண்ணன்மாருக்கு ஓர் இடம் எடுக்கத் தகப்பன் எத்தனை பேர் காலில் விழுந்தார் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே என்னடாவென்றால் சாப்பாடும் படுக்கையும் தந்து சும்மா படிப்பிக்கிறார்கள். மாதா கண் திறந்துவிட்டாள் என்று மெழுகுதிரி வேறு கொளுத்தினாள், விசரி.

பொடியன் வந்தான். மெலிந்திருந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். பிரதர்மார் துப்புரவு பார்க்கிறவர்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சோற்றையும் கறியையும் குவித்துத் தட்டை மேசையில் வைத்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வந்து இரு மனே."

இன்பன் தட்டைத் தூக்கினான். மேசையில் இருக்கவில்லை. நேரே சுவரடிக்குப் போய், முதுகைத் தாய்க்குக் காட்டி, சுவரைப் பார்த்தபடி நின்று சாப்பிடத் தொடங்கினான். கெதிகெதியாக, மென்றும் மெல்லாமலும் விழுங்கினான்.

"இதென்னடா கூத்து? கதிரை கிடக்குத்தானே!"

"இப்பிடியே சாப்பிடுறன் அம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சேட்டை விடுகிறான் என்று நினைத்தாள். போய்த் தோளில் கையை வைத்துத் திருப்பினாள். கை பட்டதுதான் தாமதம், பொடியன் தட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் நீட்டினான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். சோறு நிலமெல்லாம் கொட்டுண்டது. நீட்டிய கைகளில் அடிக்குமேல் அடி விழுந்து தோல் தடித்துப்போயிருந்தது. வலக்கையில் ஒரு வெடிப்பு இன்னும் காயவில்லை.

அடி றோசலினுக்குப் புதிதில்லை. ஊரில் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித்தான் வளர்ந்தார்கள், அவளும் வாங்கினாள். ஆனால் தொட்டதற்கே கையை நீட்டுகிற பிள்ளையை அவள் பிறந்தநாளிலிருந்து கண்டதில்லை.

"ஆர் மனே இப்பிடி அடிச்சது? ஏன் சுவரைப் பாத்துச் சாப்பிடுறாய்? வாயைத் திறந்து சொல்லு!"

கொஞ்சநேரம் அழுதான். பிறகு சொன்னான்.

அங்கே சாப்பாட்டறையில் இரண்டு மேசை. சன்னலோரத்து மேசை வெள்ளைப் பொடியன்களுக்கு. குசினிக் கதவடியில் கிடக்கிற மேசை ஹெயிட்டிப் பொடியன்களுக்கும், இந்த நாட்டின் பழங்குடிப் பொடியன்கள் இரண்டு பேருக்கும். சன்னல் மேசைக்காரர் மாடியில் படுப்பார்கள், மற்றவர்களுக்கு நிலவறை. இறைச்சி முதலில் சன்னல் மேசைக்கு. மிஞ்சினால்தான் மற்றதுக்கு. முதல் நாள் இன்பனைக் குசினி மேசையில்தான் இருத்தினார்கள்.

"பிறகு பெரிய பிரதர் வந்தார். ஒரு கடதாசியை எல்லாருக்கும் கேக்க வாசிச்சார்." இன்பன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க சொல்லிவிட்டதாம். என்ட பிள்ளையைக் கறுவல்களோட இருத்த வேணாம், அவங்கள் ஊத்தை, என்ட பிள்ளை பழுதாப் போயிடுவான் எண்டு."

றோசலின் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சேர்த்துவிடப் போன அன்றைக்கு, நடையில் ஹெயிட்டிப் பொடியன்கள் நிலம் துடைத்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டுச் சொன்னது. மொழிபெயர்க்க வந்தவள் அனுசூயா என்ற சென்னைக்காரி. பதினைந்து வருடமாக சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயக் கல்லூரியில் வேலை பார்க்கிறவள். "அதெல்லாம் எதுக்குங்க?" என்று அவள் தயங்கத்தான் செய்தாள். "நான் சொல்றதைச் சொல்லுங்கோ" என்று றோசலின் ஒற்றைக்காலில் நின்றாள். பெரிய பிரதர் புன்சிரிப்போடு எழுதிக்கொண்டார். எவ்வளவு அக்கறையான மனிசன் என்று பூரித்துப்போய் வீடு வந்து சேர்ந்தாள் இவள்.

"வாசிச்சுப்போட்டு, இந்த மேசை உன்ட தாய்க்குப் பிடிக்கேல்ல, அந்த மேசைக்கு உன்ட நிறம் காணாது எண்டார். ரெண்டு மேசைக்கும் நடுவில, சுவரைப் பாத்து நிக்கச் சொன்னார். அண்டையிலயிருந்து மூண்டு நேரமும் நிண்டுதான். திரும்பிப் பாத்தா, கையை நீட்டச் சொல்லித் தோல்வாரால அடி."

"ஆறு கிழமையுமோ?"

"ஓம்."

"ஐயோ, என்ட வாய் அவிஞ்சு போக!" என்று றோசலின் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அவன் கதை அதோடு முடியவில்லை. பத்து நாளைக்கு முன்னால் பெரிய பிரதர் தோல்வாரை ஒரு ஹெயிட்டிப் பொடியனிடம் கொடுத்திருக்கிறார். வில்னேர் என்று பெயர். இவனுடைய தாய் உன்னை ஊத்தை என்றவள், நீயே இவனை அடி என்றாராம். வில்னேர் வாரை நிலத்தில் போட்டுவிட்டான். சொன்னது தாய், இவனில்லை என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். இரண்டு பேராக அவனை இழுத்துக்கொண்டுபோய்க் கொதிகலனுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

"அவன் ஓடிப்போட்டான் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கிடக்கு. ஓடேல்ல அம்மா. என்னையும் நிலவறையிலதான் படுக்க விட்டவங்கள், அந்த அறை என்ட கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர்தான். முந்தநாள் வரைக்கும் தட்டினவன்." இன்பன் மேசையில் தட்டிக் காட்டினான். "நேத்துத் தட்டேல்ல."

றோசலின் விழுந்தடித்துக்கொண்டு அனுசூயாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"கடவுளே! என் வாயாலதானே சொன்னேன்," என்றாள் அனுசூயா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "றோசலின், அவசரப்படாதீங்க. திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க. வக்கீல்கிட்ட கேட்டுக்கலாம். பத்தொன்பதாம் தேதி உங்க அகதி விசாரணை இருக்கு. இப்பப் போய் பிரச்சினை பண்ணினா, அப்படிச் சொன்னது யாருன்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. விசாரணை பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புருசனைத் தெருவில் வைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன ஊருக்கு, இந்த ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டி வரும். திங்கட்கிழமை மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? ஆனால் நேற்றே தட்டாத பிள்ளை திங்கட்கிழமை வரைக்கும் கிடக்குமா?

"அந்தப் பொடியன்ட தாய் எங்க இருக்கிறா?" என்று தொலைபேசியை வைத்துவிட்டு மகனைக் கேட்டாள்.

"இஞ்சதான் அம்மா. மெட்ரோவுக்குப் பக்கத்தில ஒரு பேக்கரி இருக்கு, அதுக்கு மேல் வீடு. அவன் சொன்னவன்."

பேக்கரிக்கு மேல் வீட்டில் கதவைத் திறந்த மனுசி நித்திரை கொண்டு எத்தனை நாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மேசையில் ஒரு பொடியனின் படம் பிரதியெடுத்துக் கத்தையாகக் கிடந்தது. மகன் ஓடிவிட்டான் என்ற பேச்சை நம்பி, பத்து நாளாக மெட்ரோ வாசல்களில் அதை ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

இன்பன் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முந்தாநாள் வரை சுவரில் தட்டினான் என்ற இடத்தில் அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. பிறகு ஏதோ கேட்டாள். இன்பன் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னவாம்?"

"வில்னேரிட்ட என்னை ஏன் அடிக்கச் சொன்னவங்கள் எண்டு கேக்கிறா. நான் ஏதோ பிழை செய்தனான் எண்டு சொல்லட்டா அம்மா?"

சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அனுசூயா வாய் திறக்க மாட்டாள். பிள்ளையே தப்பும் வழியைக் காட்டுகிறான். றோசலினுக்கு ஓம் என்று நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. எந்தத் தாயிடம் என்ன பொய் சொல்லப் பார்க்கிறேன் என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

"வேணாம். நான் சொன்னதை அப்பிடியே சொல்லு."

"அம்மா..."

"ஒரு சொல்லும் விடாமச் சொல்லு!"

இன்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். றோசலினுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எந்தச் சொல் எப்போது வந்தது என்பதை அந்த மனுசியின் முகத்திலிருந்து அறிந்துகொண்டாள். கன்னத்தில் ஒன்று விழும் என்று காத்து நின்றாள். விழுந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கதவு படாரென்று மூஞ்சிக்கு நேரே சாத்தப்பட்டது.

"போவம் அம்மா," என்று இன்பன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை.

கதவு திரும்பத் திறந்தது. மனுசி சப்பாத்துப் போட்டிருந்தாள். கையில் ஒரு பொடியனின் அளவுக் குளிரங்கி. றோசலினை ஏறெடுத்தும் பார்க்காமல் இன்பனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டியதும், அவனுடைய காயப்பட்ட உள்ளங்கையில் படாமல் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்க போறம் மனே?"

"எந்தக் கதவு எண்டு காட்டுவியா எண்டு கேட்டா. ஓம் எண்டன். அவன்ட மாமா கீழ டாக்சியோட நிக்கிறாராம்."

றோசலினை வா என்றும் ஒருவர் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் தானே பின்கதவைத் திறந்து ஏறி, மகனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"முதல்ல பொலிசுக்கு விடச் சொல்லு," என்றாள். "நாங்க தனியப் போனா வாசல்லயே மறிச்சுப்போடுவாங்கள். பெரிய பிரதர் எழுதின கடதாசி அங்க கிடக்கு. அதில கிடக்கிறது என்ட சொல்தான் எண்டு நான் பொலிசிலயும் சொல்லுறன்."

"உங்கட விசாரணை?"

"நீ சொல்லு."

இன்பன் சொன்னான். அந்த மனுசி முதல் தடவையாகத் திரும்பி றோசலினை நேருக்கு நேர் பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை அது. றோசலின் அதைக் கேட்கவும் இல்லை.

"கெதியா ஓடச் சொல்லு மனே," என்றாள்.