பிறகு பாப்பம்

முல்லைத்தீவில் படவரைஞராக வேலை பார்க்கும் சிவதர்சினி, விசுவமடுவில் தான் வாழ்க்கைப்பட்ட வீட்டைத் திருத்திக் கட்டவும் கணினியில் தானே படம் வரைந்தாள். ஊரார் வீட்டுப் படங்களுக்கெல்லாம், வேண்டாதபோது திரையில் மறைத்துவிடக்கூடிய மூன்று வகுப்புகள் அவளுக்குப் போதும்: இருப்பது, இடிப்பது, புதியது. எந்தச் சுவரும் கதவும் இவற்றில் ஒன்றில் அடங்கிவிடும்.

அவள் கணவன் நிருஷன் மட்டும் அடங்கவில்லை. கலியாணமாகி ஆறு மாதமாகியும் அவர்களுடைய அறைக்குக் கதவில்லை, பழைய சீலை ஒன்றுதான் தொங்கியது. கதவு கேட்டால் தாய் இரஞ்சிதத்தின் மனம் நோகுமாம்.

"மாமியிட்டைக் கேட்டனீங்களோ?"

"பிறகு பாப்பம்."

அவள் படத்தில் அந்தப் பெயரிலேயே நாலாவது வகுப்பொன்றைத் திறந்து, கதவை அதில் போட்டுவைத்த பெருமையும் அவனுடையதுதான். ஒரு கிழமையில் ஒழுகும் குசினிக் கூரையும் அங்கேயே குடிபோனது.

ஞாயிறு காலை, அவன் பார்த்திருக்கவே சிவதர்சினி இரட்டைக் கட்டிலையும் அந்த வகுப்புக்கு மாற்றி, வகுப்பை மறைத்தாள். திரையில் அறை வெறுமையானது.

"எங்கையப்பா கட்டில்?"

"பிறகு பாப்பம்."

பாவம், மாவீரன் எழுந்து குசினிக்குப் போனான்.

"அம்மா, எங்கட அறைக்குக் கதவு போட ஓடாவியாரை வரச்சொல்லப் போறன்."

இரஞ்சிதம் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"இதைக் கேக்க ஆறு மாசமோடா? உங்கட குசுகுசுப்பில எனக்குத்தான் நித்திரையில்லை. நல்ல தடிச்ச பலகையாப் போடச் சொல்லு."