சத்தமில்லாத பம்பு

யிங் முதலாளி ஜெர்மன் கம்பெனியை வாங்கிய நாளிலிருந்து எனக்கு மதியத் தூக்கம் போயிற்று. சீனாவில் வென்லிங் ஊரிலுள்ள எங்கள் பம்புத் தொழிற்சாலையில் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மடக்குக் கட்டிலில் சாய்ந்துவிடுவார்கள். நான் மட்டும் என் பம்பைச் சுற்றிச் சுற்றி நடப்பேன்.

மூன்று வருஷ உழைப்பு அது. ஓடுவதே காதில் விழாது. நூறு மணி நேரச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்கு முதலாளி அனுமதி தரவில்லை.

"ஹோட்டலையே வாங்கியாச்சு, வீட்டுல எதுக்கு அடுப்பு மூட்டுற லுவோ?" என்று சிரித்தார். "இனி அவங்க வரைபடம், நம்ம வார்ப்பு. அவ்வளவுதான்."

"அஞ்சே நாள் குடுங்க முதலாளி."

"வெள்ளிக்கிழமை அவங்க தலைமை எஞ்சினியர் வர்றார். இந்தத் தகர டப்பாவைப் பார்த்தா என் மானம் போயிடும். கழட்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கெஞ்சியிருக்கலாம். எங்காவது ஒளித்தும் வைத்திருக்கலாம். என் வீம்பு விட்டால்தானே! "கழட்டுறதும் நானே, உலையில போடுறதும் நானே" என்று ஸ்பேனரை எடுத்தேன்.

வார்ப்புக்கூடத்து ஷென் அண்ணன் இரண்டு தடவை கேட்டார்: "நல்லா யோசிச்சியா தங்கச்சி?"

"நீங்க உலையைப் பாருங்கண்ணே."

அன்று சாயங்காலமே என் பம்பை உருக்கிய இரும்பில் ஜெர்மன் வரைபடப்படி முதல் பம்பு உடலை வார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை சிவப்புப் பதாகை, பழத்தட்டு, தேநீர் எல்லாம் அமர்க்களம். கெர்லாக் என்ற அந்த எஞ்சினியர் புதுப் பம்பு உடல்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்த பெண் என்னிடம் திரும்பினாள்.

"சத்தமில்லாத பம்பு எங்கேன்னு கேக்கிறார், லுவோ அக்கா. உங்க காப்புரிமை விண்ணப்பத்தைப் படிச்சிருக்காராம். அவங்க ஆறு வருஷம் முட்டி மோதிக் கைவிட்ட விஷயமாம். கம்பெனி கைமாறினதும் கூட இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்களாம். இவர் இதைப் பார்க்கணும்னுதான் தங்கினாராம்."

முதலாளியின் முகம் வெளுத்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "சோதனையில இருக்கு, அடுத்த தடவை காட்டுறோம்னு சொல்லும்மா" என்றார். பிறகு என் பக்கம் குனிந்தார். "வரைபடம் இருக்குல்ல? மறுபடி செஞ்சிடலாம்ல?"

"கையால ராவி ராவிச் சரிபண்ணினது முதலாளி. அந்த அளவெல்லாம் வரைபடத்துல இல்ல."

விருந்தாளி முன்னால் முதலாளியின் பேச்சை மறுப்பது எங்கள் ஊரில் கிடையாது. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது.

"அவர் கையை ஊன்றியிருக்காரே, அதுதான் அந்தப் பம்புன்னு சொல்லு" என்றேன். "நான்தான் உருக்கினேன்."

அவள் சொல்லி முடித்ததும் கெர்லாக் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.