முதற்பிரதி பெறுபவர்

வடபுலத்து இலக்கிய உலகம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்த அந்த மாபெரும் நிகழ்வு, கொக்குவிலில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம், ஏராளமான பிளாஸ்டிக் கதிரைகளின் முன்னிலையில் நடந்தேறியது என்பதைச் சகலருக்கும் அறியத் தருகிறோம். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி நாகலிங்கம் தமது முதல் நாவலை உலகுக்கு வழங்கினார். உலகு வரவில்லை. அவருடைய மனைவியின் தமையன் கதிரவேலு வந்திருந்தார். பிரச்சினையே அதுதான்.

நாகலிங்கம் அதுவரை எழுதியவை எல்லாம் நினைவு மலர்கள். ஊரில் யாராவது கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் மலரில் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுப்பவர் இவர்தான். அவர் பேனாவில் அறா வட்டி வாங்கியவனும் வள்ளலாகத்தான் செத்தான். அதே பேனாவால் நாவலையும் எழுதிக் கொழும்பில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். பதிப்பாசிரியர் றஜிதா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐயா, முழுக்க வாசிச்சன். உங்கடை நாவலிலை ஒருத்தரும் ஒரு பிழையும் செய்யேல்லை."

"ஓம் பிள்ளை. நல்ல குடும்பம்."

"அப்ப கதை எப்பிடி ஐயா நகரும்? ஒருத்தனாவது அநியாயம் செய்யோணும். உங்களுக்கு வயிறெரிய வைச்ச ஆரையும் நினைச்சு எழுதுங்கோ. அது சரியா வந்தால் போடுறம். அடுத்ததையும் எங்களுக்கே தாங்கோ."

நாகலிங்கம் அதிகம் யோசிக்கவில்லை. அவர் குடியிருப்பது மனைவி பாலேஸ்வரியின் சீதனக் காணியில். பக்கத்துக் காணி கதிரவேலுவுடையது. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் எல்லையில் கதிரவேலு நட்ட கதியால் தடிகள் இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்து வரும். பாலேஸ்வரி வைத்த தேசிக்காய் மரம் இப்போது அந்தப் பக்கம் காய்க்கிறது. நாகலிங்கம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நாவலில் திறந்தார். தங்கையின் வேலியை நகர்த்தும் கந்தப்பு என்றொரு பாத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் பிறந்தது. "இப்பதான் ஐயா நாவல்!" என்றார் றஜிதா.

அதற்கிடையில் பாலேஸ்வரி அழைப்பிதழ் அடித்துவிட்டார். முதற்பிரதி பெறுபவர்: கதிரவேலு.

"வேறை ஆரையும் போட்டிருக்கலாமே," என்று முனகினார் நாகலிங்கம்.

"ஏன், என்ரை அண்ணைக்கு என்ன குறை?"

என்ன குறை என்பது ஏழாம் அத்தியாயத்தில் விபரமாக இருந்தது. பாலேஸ்வரி நாவல் வாசிப்பதில்லை.

நாகலிங்கத்துக்குப் பயம் பிடித்தது. அச்சுக்குப் போகுமுன், பிழை திருத்தும் சாட்டில், றஜிதாவுக்குத் தெரியாமல் கந்தப்புவுக்கு இரண்டொரு சொல் சேர்த்துவிட்டார். அவை போதுமா என்பதுதான் இப்போது கேள்வி. ஒரு ஆறுதல்: முதற்பிரதி பெறுபவர் அதை வாசிப்பது குடாநாட்டில் வழக்கமில்லை. கமராவுக்குக் காட்டுவார், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலுமாரியில் வைப்பார்.

ஆனால் ஆய்வுரை செய்ய வந்த விரிவுரையாளர் ரஷ்யாவில் தொடங்கி, இலத்தீன் அமெரிக்காவில் நின்று, கொக்குவிலுக்குத் திரும்பும் எண்ணமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த கதிரவேலு இரண்டு தரம் கொட்டாவி விட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாங்கி மடியில் வைத்திருந்த முதற்பிரதியைத் திறந்தார்.

பக்கத்துக் கதிரையில் நாகலிங்கம் ஓரக்கண்ணால் பக்கங்களை எண்ணினார். கதிரவேலு விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். கலியாணவீடு போனது. தேர்த்திருவிழா போனது. ஏழாம் அத்தியாயத்தில் விரல் நின்றது. ஒரு பக்கம் பின்னால் போனார். திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி வாசித்தார். நாகலிங்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

விரிவுரையாளர் மூச்சு வாங்கிய இடைவெளியில் கதிரவேலு எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் கதைக்க வரேல்லை. எண்டாலும் ஒண்டு சொல்லோணும். இதுக்கை கந்தப்பு எண்டு ஒருத்தன் வாறான். தங்கச்சியின்ரை வேலியை நகர்த்துறான். உவன் ஆரெண்டு இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பாலேஸ்வரி புருசனைப் பார்த்த பார்வையில் அன்றிரவுச் சாப்பாடு இல்லை என்பது உறுதியானது. கொழும்பிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்த றஜிதா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல வெளியீட்டுவிழா கிடையாது என்று அவர் முகம் சொல்லியது.

"மச்சான், எழும்பு," என்றார் கதிரவேலு.

நாகலிங்கம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கதிரவேலு உரத்து வாசித்தார்:

"'குலம் தழைக்க வந்த குணக்குன்றாம் கந்தப்பு, தூரநோக்கோடும் தளராத ஊக்கத்தோடும், வெயிலென்றும் மழையென்றும் பாராது கதியாலைப் பெயர்த்து நட்டார். ஊர் வியந்து நின்றது.'"

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளும் என்னை ஒருத்தரும் விளங்கிக்கொள்ளேல்லை மச்சான். நான் செத்தால் என்ரை மலருக்கும் இதையே போடோணும். ஒரு சொல்லும் மாத்தப்படாது!"

கட்டிப்பிடித்தார். மண்டபம் கைதட்டியது. பாலேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

கீழே இறங்கியதும் றஜிதா கிட்ட வந்தார். "ஐயா, நான் பாத்ததிலை குணக்குன்று இல்லையே?"

"ரெண்டு சொல்லுத்தான் பிள்ளை சேர்த்தனான். கை பழகிப்போச்சு." நாகலிங்கம் தொண்டையைச் செருமினார். "அப்ப அடுத்த நாவல்?"

"அதை நீங்கள் ஆறுதலா எழுதுங்கோ ஐயா. ஒரு அவசரமும் இல்லை," என்ற றஜிதா, கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அடுத்த கிழமை வேலி அடைத்தார்கள். கதியால் இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்தது.