சுவருக்குள் போகிற கதவு

"மாமன் வீட்டுக் கோடிச் சேலடா, அத வேணாம்னு சொல்ல நீ யாரு—"

"நா யாரா? தாலி கட்டுனவன். இவன் கொண்டாந்த சேலையக் கட்டிக்கிட்டு எம்பொண்டாட்டி—"

"கத்தாத. குளிப்பாட்டணும். தள்ளு."

காளீஸ்வரி, தம்பி தங்கபாண்டியைத் தோளால் இடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். விடியும்போது மூச்சு நின்றுபோன அவன் மனைவி அருணா உள்ளே கிடந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் குடத்தோடு நுழைந்ததும், சுவருக்குள்ளிருந்து கதவு நகர்ந்து வந்து மூடிக்கொண்டது.

தங்கபாண்டிக்கு ஆகாத கதவு அது. அருணா நோயில் விழுந்து அறையில் கட்டில் போட்டபின், கதவு திறந்து மூட இடமில்லாமல் வெறும் சேலைதான் திரையாகத் தொங்கியது. அவளுடைய மாமன் மகன் வினோத்குமாருக்கு போடிமெட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. அங்கே கழித்துப் போட்ட உலர்த்தும் தட்டுகளின் மரச்சட்டம், பழைய ஜீப்பு பேரிங், தகரம் எல்லாம் கொண்டுவந்தான். சுவரை ஒட்டி இன்னொரு தகரச் சுவர் வைத்து, நடுவில் கதவு போய் ஒளிந்துகொள்ளும்படி செய்தான். அருணா படுத்தபடியே ஒரு விரலால் தள்ளுவாள்.

"ஏலக்கா மணக்குதுல்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணும் மணக்கல."

அதன்பின் அவன் அந்தக் கதவைத் தொட்டதில்லை. மூடியிருந்தால் வெளியே நின்று இருமுவான். அவளே திறப்பாள்.

வினோத்குமார் பச்சைச் சேலையைக் கையில் ஏந்தி வாசலோரம் நின்றான். இறந்தவளுக்கு மாமன் போடவேண்டிய கோடி அது; அவன் அப்பா நடக்க முடியாதவர் என்பதால் அவன் கொண்டுவந்திருந்தான்.

"பச்ச அவளுக்குப் புடிக்கும்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"கடையில இருந்துச்சுண்ணே."

"அம்புட்டுப் பெரிய கடையில பச்ச மட்டுந்தான் இருந்துச்சோ!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சேல எங்க? வெரசா கொண்டாங்க" என்றாள் காளீஸ்வரி. கதவு விரல் அகலம் விலகி நின்றுவிட்டது. "டேய், தண்ணி பட்டு இறுகிப்போச்சுடா. வரமாட்டேங்குது!"

தங்கபாண்டி ஓடிப்போய் இழுத்தான். எங்கே பிடிப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. உதைத்தான். தகரம் அதிர்ந்தது.

"ஒடச்சிராதடா, அவ மேல சாஞ்சிரும்!"

அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "வா. வந்து தெறந்துவிடு."

வினோத்குமார் சேலையை அவனிடம் நீட்டினான். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. வினோத்குமார் குத்தவைத்து உட்கார்ந்து, அடிச்சட்டத்தில் விரல் கொடுத்து லேசாகத் தூக்கித் தள்ளினான். கதவு சத்தமில்லாமல் சுவருக்குள் போனது.

காளீஸ்வரியின் ஈரக்கை வெளியே நீண்டது. தங்கபாண்டி அதில் சேலையை வைத்தான். கதவு மறுபடி மூடிக்கொண்டது.

வினோத்குமார் விரலில் ஒட்டிய கிரீஸை வேட்டியில் துடைத்தான். தங்கபாண்டி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"தம்பி, இந்தக் கதவு நீயாச் செஞ்சதா? இல்ல, அவ ஒங்கிட்ட வாய்விட்டுக் கேட்டாளா?"